கண்ணாடி போடுகிறவர்கள் விஆர் ஹெட்செட்டை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அம்மாவுக்கும் சேர்த்துக் கேட்கிறேன்

செங்காங்_வாசி:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் வீட்டில் ஒரு குவெஸ்ட் 3 விஆர் ஹெட்செட் வாங்கினோம். விளையாட்டுக்கு இல்லை, அம்மாவுக்காகத்தான். அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முட்டியிலும் வலி, எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கிற கடைக்குப் போய் வருவதே அவருக்கு ஒரு காரியம். ஊர் மன்னார்குடிப் பக்கம், போய் ஆறு வருடமாகிறது, இனிமேல் சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் நாலரை மணி நேரம் உட்கார முடியாது என்று அவரே சொல்லிவிட்டார். தஞ்சைப் பெரிய கோயிலில் எடுத்த 360 டிகிரி வீடியோ ஒன்று கிடைத்தது, அதைப் போட்டுக் காட்டினால் வாசலில் நிற்கிற மாதிரியே இருக்குமே என்று ஆசைப்பட்டேன்.

ஸ்கிரீன் கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, அதனால் அம்மா தமிழ் முரசு நாளிதழ் படிக்கும்போது போடுகிற கண்ணாடியைப் போட்டு அதற்கு மேல் ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். "எல்லாம் பனி மூட்டமா இருக்கு, கோபுரம் இருக்குறதே தெரியல" என்றார். பட்டையை மேலே இழுத்தேன், கீழே இழுத்தேன், லென்ஸைத் துடைத்தேன், ஒன்றும் சரிப்படவில்லை. பத்து நிமிடத்தில் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு "எனக்கு வேணாம்மா, நீயே பாரு" என்று அடுப்படிக்குப் போய்விட்டார். அன்றைக்கு முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

அம்மாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் இரண்டு கண்ணிலும் புரை அறுவை சிகிச்சை நடந்தது. படிப்பதற்கு மட்டும்தான் கண்ணாடி, +2.50. டிவி பார்க்க, நடக்க எதுவும் போடுவதில்லை.

என் கதை தனி. கிட்டப்பார்வை, வலது கண் 475, இடது கண் 525 (அதாவது −4.75, −5.25), அதோடு இரண்டிலும் ஆஸ்டிக், அதாவது விழியின் வளைவு சீராக இல்லாத குறை இருக்கிறது. கண்ணாடி இல்லாமல் ஹெட்செட்டுக்குள் பார்த்தால் எழுத்து எதுவும் தெரியாது. கண்ணாடியோடு போட்டால் மூக்கில் அழுத்துகிறது, அரை மணி நேரத்தில் தலைவலி. நேற்று துடைக்கும்போதுதான் பார்த்தேன், ஹெட்செட்டின் இடது லென்ஸில் முடி மாதிரி மெல்லிசாக ஒரு கீறல், என் கண்ணாடி உரசித்தான் வந்திருக்க வேண்டும்.

உள்ளே பொருத்துகிற பவர் லென்ஸ் வாங்கலாமா, காண்டாக்ட் லென்ஸ் போதுமா? அம்மாவுக்கு என்ன பவர் போட்டு வாங்குவது? ஒரே ஹெட்செட்டை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போட முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஒளிவட்டம்:

அக்கா, பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஆப்டோமெட்ரி படித்துவிட்டு அங் மோ கியோவில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். அம்மா விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு ஒரு காசு செலவு இல்லை. அந்தப் படிக்கிற கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். வெறும் கண்ணோடு ஹெட்செட்டைப் போட்டுப் பார்க்கட்டும்.

காரணம் இதுதான். ஸ்கிரீன் கண்ணிலிருந்து சில சென்டிமீட்டரில்தான் இருக்கிறது, ஆனால் கண் பார்ப்பது அந்த இடத்தை இல்லை. நடுவில் இருக்கிற லென்ஸ் ஒளியை வளைத்து, படம் தள்ளி எங்கோ இருந்து வருகிற மாதிரி கண்ணுக்குக் கொடுக்கிறது. இப்போது வருகிற பெரும்பாலான ஹெட்செட்டுகளில் அந்தத் தூரம் ஒன்றேகால் மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குள் வரும். அதாவது சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் முகம் இருக்கிற தூரம், அதற்குக் கொஞ்சம் அப்பால். உள்ளே கோபுரம் நூறு மீட்டர் தள்ளித் தெரிந்தாலும் சரி, ஒரு பூவை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாலும் சரி, கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் குவிய வேண்டிய தூரம் அந்த ஒன்றுதான், மாறாது. (சிலருக்குப் பக்கத்துப் பொருளை ரொம்ப நேரம் பார்த்தால் கண் வலிக்கிறதும் இதனால்தான், இரண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்புகிறது, ஆனால் குவியம் மட்டும் தூரத்திலேயே நிற்கிறது.)

இப்போது அம்மாவுக்கு வாருங்கள். +2.50 கண்ணாடி போட்டால் அவருக்குத் தெளிவாகத் தெரிகிற தூரம் 40 சென்டிமீட்டர். பேப்பர் படிக்க அது சரி. ஆனால் ஹெட்செட்டின் படம் ஒன்றேகால் மீட்டருக்கு அப்பால் இருக்கிறது, அதனால்தான் பனி மூட்டம். புரை எடுத்துவிட்டு வைக்கிற லென்ஸ் பெரும்பாலும் ஒரே தூரத்துக்கானது, அதையும் தொலைவில் இருப்பது தெளிவாகத் தெரியட்டும் என்றுதான் பொதுவாக வைப்பார்கள். அம்மா டிவிக்குக் கண்ணாடி போடுவதில்லை என்கிறீர்கள், அது போதும் எனக்கு. அவர் கண் ஹெட்செட்டுக்கு ஏறக்குறையத் தயாராகவே இருக்கிறது. அப்படியும் எழுத்து கொஞ்சம் மெத்தென்று தெரிந்தால் +0.50 அல்லது +0.75 மாதிரி சின்னப் பவர் உதவும், அதைக் கடையில் சோதனைச் சட்டத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், குத்துமதிப்பாக வாங்காதீர்கள்.

இதே தப்பை நிறையப் பேர் செய்கிறார்கள். கடைக்கு வந்து "ஸ்கிரீன் பக்கத்துல இருக்கு, கிட்டத்துல பாக்குற பவர் போட்டுக் குடுங்க" என்பார்கள். வேண்டியது தூரத்துப் பவர்தான்.

அடுத்து உங்கள் கண். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது, 100ஐப் பவரால் வகுத்தால் கண்ணாடி இல்லாமல் எத்தனை சென்டிமீட்டர் வரைக்கும் தெளிவாகத் தெரியும் என்பது வந்துவிடும். உங்கள் 4.75க்கு 21 செ.மீ., 5.25க்கு 19 செ.மீ. அதற்கப்பால் எல்லாமே மங்கல், அதனால் உங்களுக்குக் கட்டாயம் ஏதாவது வேண்டும். வெறும் 0.75 உள்ளவருக்கு இதே கணக்கு 133 செ.மீ. வருகிறது, அவர் கண்ணாடி இல்லாமலேயே ஹெட்செட்டைப் பயன்படுத்திவிடலாம். "எனக்கும் பவர் இருக்கு, ஆனா ஹெட்செட்ல நல்லாத் தெரியுதே" என்று சிலர் சொல்வது இதனால்தான்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று: குவெஸ்ட் 3யில் முகத்தில் படுகிற அந்த மெத்தைச் சட்டத்தை முன்னும் பின்னும் நகர்த்தலாம், நான்கு நிலை இருக்கிறது, உள்பக்கம் இரண்டு ஓரத்திலும் இருக்கிற பொத்தானை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும். கண்ணாடியோடு போடும்போது முழுக்க வெளியே இழுத்து வையுங்கள். காட்சியின் அகலம் கொஞ்சம் குறையும், ஆனால் கீறல் விழாது. ஹெட்செட் லென்ஸ் பிளாஸ்டிக், உங்கள் கண்ணாடியில் இருக்கிற கடினப் பூச்சு அதைவிட உறுதியானது, இரண்டும் உரசினால் தோற்பது ஹெட்செட்தான். விழுந்த கீறலை எதையாவது போட்டுத் தேய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள். முடி அளவு என்றால் படம் ஓடும்போது பெரும்பாலும் கண்ணில் படாது. துடைக்கிறது காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும், ஆல்கஹால் ஈரத்துணி வேண்டவே வேண்டாம்.


ஈசூன்_இரவு:

அக்கா, நான் 600. இரண்டு வருடமாக உள்ளே பொருத்துகிற லென்ஸ்தான் போடுகிறேன், அதாவது இன்சர்ட். ஒளிவட்டம் சொன்னதற்கு மேல் ஆர்டர் செய்கிற விஷயத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதில் ஒரு முறை காசை விட்டேன்.

நம் ஊரில் எல்லோரும் "நானூறு டிகிரி, ஐந்நூறு டிகிரி" என்றுதான் பவரைச் சொல்கிறோம். வெளிநாட்டு இணையக் கடைப் படிவத்தில் அப்படி இருக்காது. உங்கள் 475 அங்கே −4.75, ஸ்பியர் என்கிற கட்டத்தில் போக வேண்டும். ஆஸ்டிக் 150 என்றால் சிலிண்டர் கட்டத்தில் −1.50. அதற்கடுத்து ஆக்சிஸ் என்று ஒரு கட்டம் இருக்கும், அதுதான் உண்மையான டிகிரி, 1 முதல் 180 வரைக்கும், சிலிண்டர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது. நான் என்ன செய்தேன் என்றால், வாயில் சொல்கிற பழக்கத்தில் ஆஸ்டிக் 125 டிகிரி என்பதை ஆக்சிஸ் கட்டத்தில் போட்டுவிட்டேன், சிலிண்டரைக் காலியாக விட்டேன், போதாததற்கு ஒரு கண்ணுக்குக் கழித்தல் குறி போட மறந்துவிட்டேன். வந்த லென்ஸைப் போட்டால் ஒரு கண்ணில் எதுவுமே தெரியவில்லை. என் அளவுக்கென்று அறுத்துச் செய்தது, திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று விற்றவர்கள் எழுதினார்கள், தப்பு என்னுடையது என்பதால் நானும் மேலே பேசவில்லை.

அதனால் ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். கண்ணாடிக் கடையில் போய் எழுத்தில் வாங்குங்கள், கேட்டால் தருவார்கள். வலது எது இடது எது என்பதைச் சீட்டில் பார்த்துப் பார்த்துப் போடுங்கள். ஒரு வருடத்துக்கு முந்தைய அளவென்றால் புதிதாக ஒரு தடவை பரிசோதனை செய்துவிடுங்கள்.

இன்னொன்று, காண்டாக்ட் லென்ஸ் பெட்டியில் இருக்கிற எண்ணைப் பார்த்து ஆர்டர் செய்யாதீர்கள். கண்ணாடி கண்ணிலிருந்து ஒரு சென்டிமீட்டர் சொச்சம் தள்ளி இருக்கிறது, காண்டாக்ட் கண்மேலேயே இருக்கிறது, பவர் ஏற ஏற இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கூடும். என் கண்ணாடி 6.00, காண்டாக்ட் 5.50. இன்சர்ட்டுக்குக் கண்ணாடி எண்தான் வேண்டும்.

விலை எனக்கு அனுப்பும் செலவோடு சேர்த்துத் தொண்ணூறு வெள்ளி சொச்சம் ஆனது, அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. வெளிநாட்டிலிருந்து வருகிற 400 வெள்ளிக்கு உட்பட்ட சின்னப் பொருளுக்கும் 2023லிருந்து வரி உண்டு, கணக்குப் போடும்போது மறந்துவிடாதீர்கள்.

மாற்றி மாற்றிப் போடுவது பற்றிக் கேட்டீர்கள். காந்தத்தில் ஒட்டுகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஹெட்செட் லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் மாட்டிவிட்டால் அது அங்கேயே இருக்கும், பவர் லென்ஸ் மட்டும் காந்தத்தில் ஒட்டும், விரலால் தள்ளினால் வந்துவிடும். அம்மா பார்க்கும்போது உங்களுடையதைக் கழற்றி ஒரு சின்னப் பெட்டியில் வையுங்கள், ஐந்து விநாடி வேலை. பவர் இல்லாத வெறும் லென்ஸும் விற்கிறார்கள், அதை அம்மாவுக்கு மாட்டினால் ஹெட்செட் லென்ஸுக்குக் கவசமாகவும் இருக்கும். கழற்றி மாட்டும்போது இடது வலது மாறிப்போனால் ஆஸ்டிக் உள்ளவர்களுக்கு உலகமே சாய்ந்த மாதிரி தெரியும், ஓரத்தில் பார்த்தால் அடையாளம் போட்டிருப்பார்கள்.


வளர்பிறை:

நான் காண்டாக்ட் லென்ஸ்காரி, தினமும் போட்டுத் தூக்கிப்போடுகிற வகை. ஹெட்செட்டுக்கு அதைவிட வசதி வேறில்லை, காட்சியின் ஓரம் வரைக்கும் தெளிவு, மூக்கில் எதுவும் இல்லை, வியர்த்தால் ஆவி படிய நடுவில் இன்னொரு கண்ணாடியும் இல்லை. ஆனால் ஒரு குறை இருக்கிறது, ஹெட்செட்டுக்குள் நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது, ஏர்கான் அறையில் நாற்பது நிமிடம் போனால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி இருக்கும். நான் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கழற்றிவிட்டு ஜன்னல் வழியாகத் தூரத்தில் இருக்கிற புளோக்கைப் பார்ப்பேன்.

இதுவரைக்கும் போட்டதே இல்லை என்றால் இதற்காக ஆரம்பிக்காதீர்கள் என்பது என் கருத்து. ஆரம்பிப்பதாக இருந்தால் பதிவு பெற்றவரிடம் அளவெடுத்துப் போடக் கற்றுக்கொண்டு வாங்குங்கள். கைகழுவாமல் தொட்டால் கண்ணில் தொற்று வரும், அதில் விளையாட்டே கூடாது.


தோபாயோ_58:

தம்பி ஒளிவட்டம் எழுதியதை இரண்டு தடவை படித்தேன், எனக்கு ஒரு வருடமாகப் புரியாமல் இருந்தது புரிந்தது. எனக்கு 58 வயது, புரொக்ரசிவ் கண்ணாடி, மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் மாறுகிற வகை. மகன் வாங்கின ஹெட்செட்டை அந்தக் கண்ணாடியோடு போட்டால் மேலே பார்க்கும்போது தெளிவு, கண்ணை மட்டும் கீழே தாழ்த்தினால் மங்கல், ஓரத்தில் பார்த்தால் வளைகிறது. ஹெட்செட்டில்தான் ஏதோ பழுது என்று மகனோடு சண்டையே போட்டேன். கண்ணாடியின் கீழ்ப்பாதி கிட்டத்தில் படிப்பதற்கான பவர், உள்ளேயோ கிட்டம் என்று ஒன்றே கிடையாது, அப்படியிருக்க அந்தக் கீழ்ப்பாதி என்ன செய்யும்?

கடைசியில் பக்கத்துக் கண்ணாடிக் கடையில் தூரத்துப் பவர் மட்டும் போட்டுத் தனியாக ஒரு கண்ணாடி செய்துகொண்டேன், சின்ன வட்டச் சட்டம், அறுபது வெள்ளிதான். அகலமான சட்டம் ஹெட்செட்டுக்குள் நுழையவே நுழையாது. குவெஸ்ட் 2க்கு 142 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரத்துக்குள் சட்டம் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறார்கள், நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் அளந்துதான் வாங்கினேன். இன்சர்ட் என்றால் அந்த ஒரு ஹெட்செட்டோடு முடிந்துவிடும். இந்தக் கண்ணாடியைக் கண்ணாடியோடு போட இடம் இருக்கிற எந்த ஹெட்செட்டுக்கும் போடலாம், தலைகீழாகப் படுத்துக்கொண்டு டிவி பார்க்கவும் போடலாம்.

போடும்போது ஹெட்செட்டின் முன்பக்கத்தை முதலில் முகத்தில் வைத்துவிட்டு அப்புறம் பட்டையைப் பின்னால் இழுங்கள். கழற்றும்போதும் முன்பக்கத்தை நேராக முன்னால் எடுங்கள். தொப்பி மாதிரி மேலேயிருந்து கவிழ்த்தால் கண்ணாடி உரசும்.


மூன்று_பிள்ளைகள்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் சின்ன மகனுக்கு 9 வயது, 225, பவர் வேகமாக ஏறாமல் இருக்க இரவில் அட்ரோபின் என்கிற கண் சொட்டு மருந்து விடுகிறோம். அவன் அத்தை வீட்டில் இருக்கிற ஹெட்செட்டைப் பார்த்துவிட்டு வாரம் முழுக்க ஒரே அழுகை. இதனால் பவர் ஏறுமா?


ஒளிவட்டம்:

அக்கா, முதலில் வயது. குவெஸ்ட்டைத் தயாரிக்கிற மெட்டா 10 வயதுக்குக் கீழே கணக்கே கொடுப்பதில்லை, 10 முதல் 12 வரை பெற்றோர் கண்காணிக்கிற கணக்கு மட்டும். சோனியின் பிஎஸ்விஆர் 2 ஹெட்செட்டுக்குக் குறைந்தது 12 வயது. அதனால் இன்னும் ஒரு வருடம் "பிறகு பார்க்கலாம்" என்று சொல்ல உங்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது.

ஹெட்செட்டின் படம் கண்ணுக்குத் தூரத்தில் இருக்கிறது, அந்த ஒரு விதத்தில் புத்தகத்தையும் கைபேசியையும் முகத்தோடு ஒட்டிப் பார்ப்பது போன்றது இல்லை இது. ஆனால் அதை வைத்து, போட்டால் பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போடுவதில் நன்றாக நிரூபணமானது வெளியில் பகல் வெளிச்சத்தில் இருப்பது. ஹெட்செட்டில் போகிற ஒவ்வொரு மணி நேரமும் கீழே விளையாட்டு மைதானத்தில் போகாத மணி நேரம். சொட்டை விடாமல் விடுங்கள், அந்தக் குறைந்த அளவு அட்ரோபின் ஆய்வு நம் சிங்கப்பூர்ப் பிள்ளைகளிடம் செய்யப்பட்டதுதான், 0.01 விழுக்காட்டு முடிவுகள் 2012ல் வந்தன. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது ஹெட்செட் பற்றியும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் செங்காங் அக்காவுக்கு விட்டுப்போன இரண்டு விஷயம். உங்கள் பவர் ஐந்நூறைத் தொடுகிறது. ஹெட்செட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை: பவர் அதிகமுள்ளவர்களுக்கு விழித்திரை விலகுகிற ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். திடீரென்று கண்முன் நிறையக் கரும்புள்ளி மிதந்தாலோ, மின்னல் வெட்டுகிற மாதிரி தெரிந்தாலோ, ஒரு பக்கம் திரை இறங்கின மாதிரி மறைத்தாலோ, ஹெட்செட் போட்டதால் வந்த களைப்பு என்று விட்டுவிடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரண்டாவது, கண்மணிகளுக்கு இடையிலான தூரம். குவெஸ்ட் 3யில் அடிப்பக்கம் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது, திருப்பினால் ஸ்கிரீனில் மில்லிமீட்டர் எண் வரும். உங்களுக்கு ஒரு எண், அம்மாவுக்கு வேறு எண். கைமாற்றும்போது பவர் லென்ஸை மாற்றுகிற மாதிரி இதையும் மாற்றுங்கள், நிறையப் பேர் இதை மறந்துவிட்டுக் கண்ணைக் குறை சொல்கிறார்கள். இன்சர்ட் அந்த ஹெட்செட் லென்ஸோடு சேர்ந்தே நகரும், அதனால் கவலை வேண்டாம்.


செங்காங்_வாசி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சனிக்கிழமை மத்தியானம் அம்மாவைக் கெஞ்சி உட்கார வைத்தேன். கண்ணாடி இல்லாமல் போட்டேன், சக்கரத்தை அவர் "இப்ப சரி" என்று சொல்கிற வரைக்கும் மெதுவாகத் திருப்பினேன், 61ல் நின்றது, என்னுடையது 65. மெனுவில் இருக்கிற எழுத்தைப் படிக்கச் சொன்னேன், ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார், ஒன்றுகூடத் தப்பில்லை.

கோயில் வீடியோவைப் போட்டேன். முதலில் பேச்சே இல்லை. கேரளாந்தகன் வாசலைத் தாண்டினதும் கையை நீட்டி எதையோ பிடிக்கப் பார்த்தார், நான் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டேன். விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு "மேல கல்லு இன்னும் அப்படியே இருக்கு" என்றார். தாத்தா அவரைத் தோளில் தூக்கிவைத்து அதைக் காட்டினாராம், எனக்கு இத்தனை வருடத்தில் இது தெரியாது. நந்தி மண்டபம் வந்ததும் பக்கத்தில் போகச் சொன்னார், வீடியோவில் அது முடியாதம்மா, எடுத்தவர் நின்ற இடத்திலிருந்துதான் பார்க்கலாம் என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரே ஒரு சந்தேகம். மெனு எழுத்து துல்லியமாகத் தெரிகிறது என்கிறார், ஆனால் கோயில் மட்டும் கொஞ்சம் கலங்கலாக இருக்கிறதாம். அந்த +0.50 வாங்கித்தான் ஆக வேண்டுமா?

என் இன்சர்ட்டுக்கு நேற்று ஆர்டர் போட்டேன். சீட்டை மேசையில் வைத்து, என் கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு கட்டமாக அவர் வாசிக்க நான் போட்டேன். ஆக்சிஸ் 170, 5 என்று இருந்தது, சிலிண்டருக்கும் அதற்கும் வித்தியாசம் ஈசூன் தம்பி சொல்லாவிட்டால் நானும் மாற்றித்தான் போட்டிருப்பேன்.


ஈசூன்_இரவு:

வேண்டாம் அக்கா, அது அம்மாவின் கண் இல்லை, வீடியோதான். 4கே வீடியோ என்றால் குறுக்கே 3840 புள்ளிகள். டிவியில் அந்த அத்தனையும் ஒரே திரைக்குள் நிற்கிறது. 360 டிகிரி வீடியோவில் அதே 3840ஐத் தலையைச் சுற்றி முழுவட்டமாக நீட்டிவிடுகிறார்கள், ஒரு டிகிரிக்குப் பத்து பதினொரு புள்ளிதான் வருகிறது. குவெஸ்ட் 3 ஒரு டிகிரிக்கு 25 புள்ளி காட்டக்கூடியது, அதனால் மெனு கூர்மையாகவும் கோயில் கலங்கலாகவும் இருக்கிறது. பவர் சரியா என்று பார்க்க எப்போதும் மெனு எழுத்தையே வைத்துக்கொள்ளுங்கள். 8கேயில் எடுத்த வீடியோவைத் தேடுங்கள், பார்க்கும்போது வீடியோ தரத்தை நீங்களே மேலே ஏற்றிவையுங்கள், தானாக விட்டால் வைஃபைக்குத் தக்கபடி இறக்கிவிடும். முடிந்தால் முன்கூட்டியே இறக்கிவைத்துவிட்டு அப்புறம் அம்மாவிடம் கொடுங்கள்.

நந்திக்குப் பக்கத்தில் போக வேண்டுமென்றால் வீடியோவில் முடியாது, கோயிலை முப்பரிமாண மாதிரியாக உருவாக்கியிருந்தால் அதில் நடக்கலாம். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் இங்கே போடுகிறேன்.


தோபாயோ_58:

செங்காங் தங்கச்சி, ஒரு வார்த்தை. அம்மா பார்த்து முடித்ததும் ஹெட்செட்டை ஜன்னலோர மேசையில் லென்ஸ் மேலே பார்க்கிற மாதிரி வைத்துவிடாதீர்கள். அந்த லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரிதான், வெயில் நேராக உள்ளே விழுந்தால் ஸ்கிரீனில் ஒரே இடத்தில் குவிந்து சுட்டுவிடும், கொஞ்ச நேரம் போதும், அந்தப் புள்ளி திரும்பப் போகவே போகாது. எங்கள் வீடு மேற்குப் பார்த்தது, சாயங்காலம் நாலு மணிக்குக் கூடம் முழுக்க வெயில், அதனால் நாங்கள் பெட்டியில் போட்டு அலமாரிக்குள் வைக்கிறோம், அதோடு சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. உங்கள் இன்சர்ட்டுக்கும் ஈரக்காற்றில் பூச்சு கெடாமல் இருக்கும்.


செங்காங்_வாசி:

எங்கள் வீட்டிலும் கூடத்து ஜன்னல் மேற்குதான் அண்ணே, இத்தனை நாள் அங்கேதான் கிடந்தது. இப்போதே எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். 8கே வீடியோ ஒன்று கும்பகோணத்துக்குக் கிடைத்திருக்கிறது, இறங்கிக்கொண்டிருக்கிறது, அம்மா இரண்டு தடவை வந்து முடிந்ததா என்று கேட்டுவிட்டார்.